வேலைக்கும் பந்தயத்துக்கும் ஒரே சைக்கிளா?

சைக்கிள் வாங்குவது ஒரு காலத்தில் சுலபமான காரியம். கறுப்பு வண்டி, கம்பி பிரேக், பின்னால் கேரியர். கடைக்காரர் இரண்டு கம்பெனிகளின் பெயரைச் சொல்லுவார். வாங்க வந்தவர் அதில் ஒன்றைச் சொல்லுவார். மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

இப்பொழுது கடைக்குள் நுழைந்தால் தலை சுற்றுகிறது. மலைக்கு ஒரு சைக்கிள், சாலைக்கு ஒரு சைக்கிள், சரளைக்கு ஒரு சைக்கிள், எல்லாவற்றுக்கும் நடுவில் 'ஹைபிரிட்' என்று ஒரு சைக்கிள். இவை போதாதென்று 'சைக்ளோகிராஸ்' என்ற பெயரும் இளைஞர்கள் வாயில் அடிபடுகிறது. வேலைக்கும் போகலாம், எப்பொழுதாவது பந்தயத்திலும் ஓட்டலாம், ஒரே வண்டி போதும் என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் பெருமை.

ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கும் தோல் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குப் போகிற பையன்களுக்கு இந்தப் பேச்சு இனிக்கத்தான் செய்யும். மோட்டார் சைக்கிளுக்குக் கடன் வாங்கி, தவணையும் பெட்ரோலும் கட்டி மாள்வதைவிட, காலால் மிதித்து வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை ஒரு கோப்பையும் தூக்கிக்கொண்டு வரலாம் என்றால் யாருக்கு ஆசை இருக்காது?

ஆசையில் தவறு இல்லை. ஆனால் அதற்கு ஆகிற செலவு சின்னதல்ல. சைக்கிள்மீது இருந்த 12 சதவீத வரியை 2025 செப்டம்பரில் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். குறைத்த பிறகும், பெயர் பெற்ற கம்பெனியின் வளைந்த கைப்பிடி சைக்கிள் அரை லட்சம் ரூபாயைத் தாண்டுவது சர்வ சாதாரணம். தொழிலாளி வீட்டில் அது பல மாதச் சம்பளம். தவறான வண்டியை வாங்கிவிட்டால் பந்தயத்துக்கும் உதவாது, வேலைக்கும் உதவாது. திண்ணை ஓரத்தில் துணி உலர்த்தப் பயன்படும்.

முதல் சைக்கிளைத் தேர்ந்தெடுக்க வேண்டியது பந்தய மைதானத்தை நினைத்து அல்ல. தினம் போகிற சாலையையும், அந்தச் சாலை ஓரத்தில் இருக்கிற பஞ்சர் கடையையும் பார்த்துத்தான். ஆண்டில் வேலை நாள் 300 என்றால் பந்தய நாள் 3. இந்தக் கணக்கு மனத்தில் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மாதனூர் சாலை

மாதனூரையே எடுத்துக்கொள்வோம். பழைய வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றாகப் பிரிந்தபோது திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போன ஊர். ஊராட்சி ஒன்றியத்தின் தலைநகர். பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் நடுவில், சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது. ஒரு பக்கம் பாலாற்றைத் தாண்டிக் குடியாத்தம் போகிற சாலை. இன்னொரு பக்கம் ஒடுகத்தூர் போகிற சாலை.

இங்கிருந்து ஆம்பூருக்குச் சைக்கிளில் போகிறவன் சுமார் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். நல்ல சைக்கிளில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் அவன் சக்கரத்துக்கு அடியில் வருவது ஒரே சாலை அல்ல. வீட்டிலிருந்து புறப்பட்டால் மண் தெரு. பிறகு சர்வீஸ் ரோடு. ஓரமெல்லாம் மணல். சில இடங்களில் லாரி நிறுத்தி வைத்திருப்பார்கள். எதிர்த்திசையில் மோட்டார் சைக்கிள் வரும். நடுவில் சில இடங்களில் நெடுஞ்சாலையிலேயே ஏறியாக வேண்டும். மழைக் காலமானால் இவை எல்லாவற்றின் மீதும் சேறு. கோடைக் காலமானால் வேலிகாத்தான் முள்.

இந்த முள்ளைப் பற்றி வெளிநாட்டுச் சைக்கிள் புத்தகங்களில் ஒரு வரியும் இராது. பாலாற்றுக் கரையில் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கோ முதல் எதிரி அதுதான்.

ஆறும் எப்பொழுதும் காய்ந்தே கிடக்கும் என்று நினைக்கக் கூடாது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது குடியாத்தம் போகிற சாலையின் தரைப்பாலம் அதற்குத் தப்பவில்லை. தார்ச் சாலை, மண் பாதை, மணல், சேறு, முள் ஆகிய இத்தனையையும் பார்க்கப் போகிற வண்டிக்கு டயர் ஊசி போல மெல்லியதாக இருந்தால் என்ன ஆகும்? பளபளக்கும் சாலைப் பந்தய சைக்கிள் முதல் வாரத்திலேயே கடைக்குப் போய்விடும்.

சைக்ளோகிராஸ் என்ற யோசனை மாதனூருக்குப் பொருத்தமாகத் தோன்றுவது இந்தக் காரணத்தால்தான்.

சேற்றில் பிறந்த பந்தயம்

சைக்ளோகிராஸ் நேற்று வந்த நாகரிகம் அல்ல. நூறாண்டுகளுக்கு மேற்பட்டது. பிறந்த இடம் பிரான்சு. டானியல் குசோ என்ற ராணுவ வீரர், குதிரையில் போகிற நண்பர்களோடு காட்டுப் பாதையில் சைக்கிளில் போய்ப் பழகினார் என்று சொல்லுவார்கள். அவர் முன்னின்று நடத்திய பிரான்சின் முதல் தேசியப் போட்டி 1902-ல் நடந்தது. 1910-ல் புகழ் பெற்ற டூர் டி பிரான்சு பந்தயத்தில் வென்ற ஆக்டாவ் லாபீஸ், குளிர்காலத்தில் சேற்றிலும் காட்டிலும் ஓட்டிப் பழகியதே தமக்குக் கை கொடுத்தது என்று கருதினார். பிறகு கேட்க வேண்டுமா? ஐரோப்பாவில் சாலைப் பந்தய வீரர்கள் எல்லாரும் குளிர்காலத்தில் சேற்றுக்குப் போனார்கள். 1950-ல் பாரிசில் முதல் உலகப் போட்டி நடந்தது. வென்றவர் ஜான் ரோபிக்.

இன்றும் பெல்ஜியத்திலும் ஹாலந்திலும் இது பெரிய திருவிழா. ஹாலந்து வீரர் மாத்தியூ வான் டெர் பூல் 2025-ல் 7-வது முறையாக உலகப் பட்டம் வென்று, பெல்ஜிய வீரர் எரிக் டி விளாமிங்கின் பழைய சாதனையைச் சமன் செய்தார்.

பந்தயம் எப்படி நடக்கும்? சுமார் ஒரு மணி நேரம். இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர் சுற்றுப் பாதை. அதைத் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். புல், சேறு, மணல், மேடு, படிக்கட்டு எல்லாம் வழியில் வரும். நடுவில் 40 சென்டிமீட்டர் உயரம்வரை பலகை நிறுத்தியிருப்பார்கள். மிதித்துக்கொண்டு போக முடியாத இடத்தில் குதித்து இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஏறி மறுபடி மிதிக்க வேண்டும். பெல்ஜியத்தில் கோக்ஸைட் என்ற ஊரில் பாதையே கடற்கரை மணல் மேடு.

ஆற்று மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அக்கரைக்குப் போனவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அங்கே அதற்குக் கோப்பை கொடுக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பந்தயத்துக்கு ஏற்றபடி வண்டியும் அமைந்தது. கைப்பிடி ஆட்டுக்கொம்பு போல வளைந்திருக்கும். ஆனால் டயர் சாலைப் பந்தய வண்டியைவிட அகலம். உலகப் போட்டிகளில் 33 மில்லிமீட்டர் வரை அனுமதி. டயருக்கும் பிரேமுக்கும் நடுவே சேறு அடைக்காதபடி இடம் விட்டிருக்கும். எடை பத்துக் கிலோவை ஒட்டி இருக்கும். தோளில் தூக்க வேண்டும் அல்லவா? நம் ஊர்க் கறுப்பு வண்டியோ ஏறத்தாழ இருபது கிலோ.

அகலமான டயர், சேற்றுக்கு இடம், வேகத்துக்கு ஏற்ற உட்காரும் வாகு என்ற இந்த மூன்றும் தினசரி வேலைக்கும் நல்லவையே. இதுவரை சைக்ளோகிராஸ் பிரியர்கள் சொல்வது நியாயம்தான். தகராறு இனிமேல்தான்.

எந்தப் பந்தயம்?

'எப்பொழுதாவது பந்தயம்' என்கிறார்களே, எந்தப் பந்தயம் என்று கேட்க வேண்டும். வண்டி வாங்குகிறவர்களில் பலர் இதைக் கேட்பதே இல்லை.

நம் மாவட்டங்களில் ஆண்டுதோறும் தவறாமல் நடக்கிற சைக்கிள் பந்தயம் ஒன்று உண்டு. செப்டம்பர் 15 அண்ணா பிறந்த நாள். அதையொட்டித் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டம்தோறும் மாணவ மாணவியருக்கு மிதிவண்டிப் போட்டி நடத்துகிறது. 13, 15, 17 வயதுக்கு உட்பட்டவர்கள் என்று மூன்று பிரிவு. பையன்களுக்கு 15 முதல் 20 கிலோமீட்டர், பெண்களுக்கு 10 முதல் 15 கிலோமீட்டர். முதல் பரிசு 5,000 ரூபாய். இரண்டாவது 3,000. மூன்றாவது 2,000.

இந்தப் போட்டிக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. இந்தியாவில் தயாரான, சாதாரணக் கைப்பிடி உள்ள சைக்கிளைத்தான் கொண்டு வர வேண்டும்.

இதன் பொருள் என்ன? மகன் பந்தயத்தில் ஜெயிப்பான் என்று கடன் வாங்கி வளைந்த கைப்பிடி சைக்கிள் வாங்கிக் கொடுத்த தகப்பனார், செப்டம்பர் மாதம் அந்த வண்டியைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டுச் சைக்கிளை இரவல் கேட்க வேண்டியதுதான்.

நிபந்தனை கொடுமையானது என்று யாரும் வருத்தப்படத் தேவையில்லை. அது நல்ல நிபந்தனை. பணக்காரப் பையனும் ஏழைப் பையனும் ஒரே மாதிரி வண்டியில் வந்து நின்றால், ஜெயிப்பது கால்தான். கடைச் சீட்டு அல்ல. பந்தயம் என்ற பெயருக்கு அதுதான் அழகு.

பள்ளிக்கூடப் பையனுக்குப் பந்தயத்துக்கென்று புது வண்டி வாங்குவது வீண் செலவு. பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசாங்கமே சைக்கிள் கொடுக்கிறது. 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம், பிறகு அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் படிக்கிற மற்றவர்களுக்கும் விரிந்தது. அந்த வண்டியை 'இலவச வண்டிதானே' என்று அலட்சியமாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கின மாதமே விற்றுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இது தவறு.

அதே வண்டியை ஒரு நல்ல கைக்காரரிடம் கொடுத்து, இரண்டு சக்கரத்துக்கும் கோட்டம் எடுத்து, பிரீவீலைக் கழுவி, குண்டுகளுக்குப் புதுக் கிரீஸ் வைத்து, செயினைச் சரியான இழுப்பில் கட்டச் சொல்லுங்கள். பிரேக் கட்டை ரிம்மில் உரசாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சீட்டை உயர்த்துங்கள். நம் பையன்களில் பத்துக்கு எட்டுப் பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்து, முழங்காலை மடக்கி மடக்கி மிதிக்கிறார்கள். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே வரும்போது கால் நேராக நீள வேண்டும். அதுதான் சீட்டின் உயரம். இதற்குக் காசு செலவில்லை. ஆனால் வேகம் கூடும், முழங்கால் வலி குறையும்.

பெண்களுக்கும் இதுவேதான். ஷூ கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களில் பெண்கள்தான் மிகுதி. கம்பெனி பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் காத்து நிற்பதே அவர்களுக்குப் பாதிப் பொழுது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கிராமத்துப் பெண்கள் பெருங்கூட்டமாகச் சைக்கிள் பழகினார்கள். ஊரார் கேலியையும் பொருட்படுத்தவில்லை. அங்கே முடிந்தது பாலாற்றுக் கரையில் முடியாதா? வீட்டில் மகனுக்குப் பந்தய வண்டி வாங்குகிற காசில், மகளுக்கும் ஒரு வண்டி வாங்கலாமே என்று நினைக்கிற தகப்பனார்கள் இன்னும் பெருகவில்லை.

17 வயதுக்கு மேல்

பள்ளி வயதைத் தாண்டி வேலைக்குப் போகிற இளைஞன் விஷயம் வேறு. அவனுக்கு அண்ணா மிதிவண்டிப் போட்டியில் இடம் இல்லை. இந்தியச் சைக்கிள் கூட்டமைப்பின் வழியாக நடப்பவை சாலைப் போட்டி, தடப் போட்டி, மலைப்பாதைப் போட்டி. சைக்ளோகிராஸ் பந்தயம் என்று நம் பக்கத்தில் தேடிக்கொண்டு போனால் செருப்புதான் தேயும்.

இவை தவிர, 'பிரெவே' என்ற நெடுந்தூர ஓட்டம் ஒன்று உண்டு. 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முதலாவது வந்தவர், கடைசியாக வந்தவர் என்ற பேச்சே கிடையாது. நேரத்துக்குள் வந்தால் போதும். ஒரு காலத்தில் ஊர் மைதானத்தில் ஒருவர் இரவு பகலாக இறங்காமல் சைக்கிள் ஓட்டுவார். ஜனங்கள் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். அந்தப் பரம்பரைக்கு ஏற்ற விளையாட்டு இது என்று சொல்லலாம்.

இப்படிப்பட்டவனுக்குச் சைக்ளோகிராஸ் வண்டி, அல்லது அதன் தம்பியான 'கிராவல்' வண்டி பொருந்தும். பந்தயத்துக்கு முந்தின நாள் அகல டயரைக் கழற்றி 28 மில்லிமீட்டர் டயரைப் போட்டால் சாலைப் பந்தயத்தில் நிற்கலாம். திங்கட்கிழமை மறுபடி 35 அல்லது 38 மில்லிமீட்டர் டயரைப் போட்டால் வேலைக்குப் போகலாம். ஒரு சைக்கிள், இரண்டு ஜோடி டயர். பெருமையாகச் சொல்லப்படுகிற 'ஒரே வண்டி' என்பதன் உண்மையான கணக்கு இதுதான்.

ஆனால் அசல் பந்தய சைக்ளோகிராஸ் வண்டியில் கேரியர் மாட்டத் துளை இருக்காது. மட்கார்டு மாட்ட வழி இருக்காது. உலகப் போட்டிக்குப் போகிறவனுக்குச் சாப்பாட்டு டப்பா எதற்கு? மாதனூர்க்காரனுக்கு அது வேண்டும். டப்பாவை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் பன்னிரண்டு கிலோமீட்டர் மிதித்தால், கம்பெனி வாசலில் இறங்கும்போது சட்டையைப் பிழிய வேண்டியிருக்கும். மட்கார்டு இல்லாமல் மழையில் போனால் முதுகில் சேற்றுக் கோடு. மேஸ்திரி சிரிப்பார். ஆகையால் பின் அச்சுக்கு மேலே, பிரேமில் திருகு துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லை என்றால், என்ன விலை குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

பஞ்சர் கடைக்காரர் என்ன சொல்லுவார்?

புதுச் சைக்கிள் வாங்கும் பலர் கடைக்காரர் சொல்வதைக் கேட்கிறார்கள். நண்பர்கள் சொல்வதைக் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய ஆளைக் கேட்பதில்லை. தினம் போகிற வழியில் மரத்தடியில் தண்ணீர்த் தொட்டியோடு உட்கார்ந்திருக்கிறாரே, அவரைத்தான் கேட்க வேண்டும். காலை ஷிப்டுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது டயர் இறங்கினால் சென்னைக் கடையோ பெங்களூர்க் கடையோ வந்து நிற்காது.

அவரிடம் முதலில் காட்ட வேண்டியது காற்று அடிக்கிற வாயை. நம் ஊர்ச் சைக்கிளில் இருப்பது வால்டியூப் போட்ட பழைய வாய். விலை உயர்ந்த பந்தய வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது மெல்லிய பிரெஸ்டா வாய். ஊர்ப் பம்பு அதில் பிடிக்காது. டயரில் ஓட்டையே இல்லாமல் காற்று மட்டும் குறைந்தால்கூட வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். இதற்கு மருந்து, விரல் நுனி அளவுள்ள ஒரு பித்தளைத் துண்டு. அதை வாயில் திருகினால் மோட்டார் சைக்கிளுக்குக் காற்றுப் பிடிக்கிற இடத்தில் பிடித்துக்கொள்ளலாம். விலை மிகச் சொற்பம். சைக்கிளோடு அதையும் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது சக்கரத்தின் அளவு. இங்கே ஒரு பெரிய ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. ஏமாற்றுவது கடைக்காரர் அல்ல, அளவின் பெயர்தான். கறுப்பு வண்டியின் சக்கரத்தை 28 இஞ்சு என்பார்கள். பந்தய வண்டியின் 700-சி சக்கரத்தையும் சிலர் 28 இஞ்சு என்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. முதலாவதின் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் குறுக்களவு 635 மில்லிமீட்டர். இரண்டாவது 622. ஒன்றின் டயர் மற்றொன்றில் ஏறாது. ஆனால் 29 இஞ்சு மலை சைக்கிளின் ரிம் இதே 622தான். அதனால் அவசரத்துக்கு அகலம் குறைந்த 29 இஞ்சு டியூப் கைகொடுக்கும். டயரின் பக்கத்தில் சின்ன எழுத்தில் 35-622 என்பது போல ஓர் எண் அச்சாகியிருக்கும். அந்த எண்ணைத்தான் நம்ப வேண்டும்; இஞ்சுக் கணக்கை அல்ல.

உள்ளே டியூபே இல்லாமல், பால் போன்ற திரவத்தை ஊற்றி ஓட்டுகிற டயர்கள் வந்திருக்கின்றன. சிறு முள் குத்தினால் அந்தப் பாலே அடைத்துக்கொள்ளும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெரிய கிழிசல் ஆனால் ஊர்க் கடையில் கை வைக்க மாட்டார்கள். டியூப், ஒட்டு, சொல்யூஷன் என்ற பழைய முறையே முதல் வண்டிக்கு நல்லது. முள்ளுக்குத் தடையாக உள்ளே கெட்டியான பட்டை வைத்த டயர் கிடைக்கிறது. எடை கொஞ்சம் கூடும். கூடட்டும்.

பிரேக்கில் வட்டுப் பிரேக்தான் இப்பொழுது நாகரிகம். உலகச் சைக்கிள் சங்கம் சைக்ளோகிராஸில் அதை 2010-ல் அனுமதித்தது. சேற்றிலும் மழையிலும் ரிம்மைப் பிடிக்கிற பிரேக்கைவிட இது நன்றாகப் பிடிக்கும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கம்பியால் இழுக்கிற வட்டுப் பிரேக், எண்ணெயால் இயங்குகிற வட்டுப் பிரேக் என்று இரண்டு உண்டு. எண்ணெய்ப் பிரேக் கெட்டால் தனிக் கருவி வேண்டும். கம்பி அறுந்தால் மாதனூரிலேயே கம்பி மாற்றலாம். எதை வாங்குவது என்று இதற்கு மேலும் சொல்ல வேண்டுமா?

கியரைப் பற்றிப் பையன்கள் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். அவ்வளவு பேச அதில் ஒன்றும் இல்லை. ஆம்பூர்ச் சாலை ஏறக்குறைய சமதளம். முன்னால் ஒரு பல் சக்கரம், பின்னால் எட்டு அல்லது ஒன்பது இருந்தால் தாராளம். ஏலகிரி மலையில் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் பழக வேண்டும் என்று நினைக்கிறவன் பின்னால் பெரிய பல் சக்கரம் உள்ளதாகப் பார்த்துக்கொண்டால் சரி.

பிரேம் இரும்பாகவோ அலுமினியமாகவோ இருக்கட்டும். கரி இழைப் பிரேம் எடை குறைவுதான். ஆனால் விரிசல் கண்டால் அதை நம் ஊரில் சரி செய்ய ஆள் இல்லை. பார்வைக்குத் தெரியாத விரிசலோடு லாரிகளுக்கு நடுவே போவது உயிரோடு விளையாடுகிற விளையாட்டு.

அளவு முக்கியம்

இத்தனையும் சரியாக இருந்து வண்டியின் அளவு தவறாக இருந்தால் எல்லாம் பாழ். பழைய வண்டி 22 இஞ்சு, 24 இஞ்சு என்று வரும். வீட்டில் எல்லாருக்கும் அது ஒன்றே. அதனால்தான் சிறுவர்கள் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டார்கள். வளைந்த கைப்பிடி வண்டியில் அந்தச் சமாளிப்பு நடக்காது. கைப்பிடி அரை சாண் தூரமாக இருந்தாலும் கழுத்தும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும்.

இந்த வண்டிகள் 48, 50, 52, 54, 56 சென்டிமீட்டர் என்று பல அளவுகளில் வருகின்றன. கடையில் இருப்பது 56 என்றால், ஐந்தடி நான்கு அங்குலப் பையனுக்கும் 'இதுவே பொருந்தும், தம்பி' என்றுதான் விற்கிறவர் சொல்லுவார். இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றால் பாருக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் அளவுக்கு மேல் இடைவெளி வேண்டும். உட்கார்ந்து பிரேக் பிடியின்மேல் கை வைத்தால் முழங்கை கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். விறைத்து நீண்டால் வண்டி பெரிது. தள்ளுபடிக்கு மயங்கிப் பெரிய வண்டியை வாங்குவது, தள்ளுபடிக்கு மயங்கி 10-ம் நம்பர் ஷூ வாங்குவது போல. ஷூ தைக்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சீட் விஷயத்திலும் இந்த ஊருக்குச் சொந்தமான ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்தில் புரூக்ஸ் கம்பெனி 1880-களிலிருந்து சைக்கிளுக்குத் தோல் சீட் செய்து வருகிறது. மரப்பட்டையில் பதனிட்ட கெட்டித் தோல். ஓட்ட ஓட்ட உட்காருகிறவர் உடம்புக்கு ஏற்றபடி படிந்துவிடும். நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் இன்றும் விரும்பி வாங்குகிறார்கள். ஆவாரம் பட்டையில் தோல் பதனிட்டு உலகத்துக்கு அனுப்பியது நம் வட ஆர்க்காட்டு மண். தோலுக்கு நடுவே வாழ்கிற ஊரில், சைக்கிளில் மட்டும் ரெக்சின் சீட்!

புதிதா, பழையதா?

மாதனூர் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஏறக்குறைய நடுவில் இருப்பது ஒரு லாபம். இரண்டு ஊரிலும் ஆசையாக வாங்கி, நான்கு தடவை ஓட்டி, பால்கனியில் நிறுத்திவிட்ட சைக்கிள்கள் ஏராளம். பழைய விலைக்கு வரும். முதல் வண்டிக்கு அவற்றில் ஒன்றைத் தேடுவதே புத்திசாலித்தனம். பற்றவைத்த மூலைகளில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, முன் போர்க்கு நேராக இருக்கிறதா, கைப்பிடியைத் திருப்பினால் கழுத்துக் குண்டுகள் உரசுகின்றனவா என்று பார்க்க வேண்டும். பிரேமின் அடியில் பொறித்திருக்கும் எண்ணையும் பழைய ரசீதையும் ஒப்பிட வேண்டும். ரசீது இல்லாத வண்டி மலிவாகத்தான் இருக்கும். திருட்டு வண்டிகள் எல்லாமே மலிவுதான்.

பழையதும் அகப்படவில்லை, புதிதுக்கும் பணம் இல்லை என்றால்? நேரான கைப்பிடி, 700-சி சக்கரம், அகல டயர், கேரியர் துளை உள்ள ஹைபிரிட் வண்டி வாங்கலாம். நம் நாட்டிலேயே செய்கிறார்கள். 1949-ல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியிலிருந்து லூதியானாக் கம்பெனிகள்வரை பலரும் இந்த வகையை விற்கிறார்கள். பாகங்கள் கிடைக்கும். தம்பி பள்ளியில் படிக்கிறவனாக இருந்தால், கியர் உள்ளதை அண்ணா போட்டியில் ஏற்பார்களா என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு அவனும் அதிலேயே ஓட்டலாம். வேகத்தில் சைக்ளோகிராஸ் வண்டிக்குச் சற்றுப் பின்தங்கும். ஆனால் கடன் இருக்காது.

எந்த வண்டியானாலும் விளக்குக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். இரண்டாவது ஷிப்டு முடிந்து திரும்புகிறவன் பின்னால் வருகிற லாரிக்காரன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. பந்தயப் பயிற்சியை நெடுஞ்சாலையில் வைத்துக்கொள்வதைப் போன்ற மடமை வேறில்லை. விடியற்காலையில் ஒடுகத்தூர்ச் சாலை இருக்கிறது. ஏரிக்கரைப் பாதைகள் இருக்கின்றன. குதித்து இறங்கித் தோளில் தூக்கி ஓடிப் பழக ஆற்று மணல் இருக்கிறது.

கடைக்குப் போவதற்கு ஞாயிற்றுக்கிழமையைவிட வாரநாள் நல்லது. கூட்டம் இருக்காது, உட்கார வைத்து அளவு பார்க்கக் கடைக்காரருக்கு நேரம் இருக்கும். போகிறவர் தினம் வேலைக்குக் கொண்டு போகிற பையையும் சாப்பாட்டு டப்பாவையும் கையோடு எடுத்துப் போகட்டும். அதைக் கேரியரில் கட்டி, கடைத் தெருவில் இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, குதிகால் டப்பாவில் இடிக்கவில்லை என்று கண்ட பிறகு பணத்தை எண்ணலாம்.